ராத்தாவின் இரத்தம்

பேராதனையில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு அந்தத் தம்பதி வந்தது ஒரு மழை நாளில். பக்கத்து ஊரான மடவளையைச் சேர்ந்தவர்கள். கணவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது கன்னத்தில் நாணயமளவுக்கு வட்டமாக ஒரு புண். ஓரம் தடித்து, நடுவில் பொருக்குக் கட்டியிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, ஆனால் ஒன்பது மாதமாக ஆறவுமில்லை. பார்த்தவுடன் தோல் கிளினிக் டாக்டருக்குச் சந்தேகம் வந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்.

இரண்டு கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தேன். அவர் ஒன்றைத் தூக்கிப் போய்ச் சுவரோரம் வைத்து உட்கார்ந்தார்.

"இவர் இப்பிடித்தான் மிஸ்," என்றார் மனைவி. "வீட்டுலயும் வேற சோத்துப் பீங்கான், வேற பாய். பேரப்பிள்ளையத் தூக்கிற இல்ல. எனக்குக் கிட்ட வாறதே இல்ல."

"ஒனக்கு முட்டும் ஈக்கி, சீனியும் ஈக்கி. இதும் ஒட்டிச்சிண்டா என்ன செய்ற?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. மனைவிக்கு மூச்சிளைப்பும், சீனி வருத்தம் எனும் நீரிழிவும் இருந்தன.

முஸ்லிம் வீட்டு ஆண்களை நானா என்றும் பெண்களை ராத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். "தொட்டாலோ ஒண்ணாச் சாப்பிட்டாலோ இது ஒட்டாதுங்க நானா," என்றேன். "மணல் ஈ கடிச்சாத்தான் வரும். நுளம்பைவிடச் சின்னது. சத்தமே போடாது."

தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. இருவரும் அனுராதபுரப் பக்கம் ஒரு கிராமத்தில் பல வருடம் பலசரக்குக் கடை நடத்திவிட்டு, போன வருடந்தான் ஊர் திரும்பியிருந்தார்கள். கடைக்குப் பின்னால் காடு. பொழுது சாயும் நேரத்தில் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம்.

புண்ணின் ஓரத்தில் மெல்லிய ஊசியை ஏற்றி ஒரு துளி நீர் எடுத்தேன். ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் பூசினேன். ஒரு பகுதியை மரபணுப் பரிசோதனைக்கு வைத்தேன். மிச்சத்தை வளர்ப்புக் குழாயில் விட்டேன். தகட்டிலேயே தெரிந்துவிட்டது. லீஷ்மேனியா. புள்ளி புள்ளியாக, வாலில்லாமல், ஒரு பெரிய வெள்ளையணுவின் வயிற்றுக்குள் குடியிருந்தது. கிருமியை விழுங்கிக் கொல்லத்தான் உடம்பு அந்த அணுவை வைத்திருக்கிறது. இந்த ஒட்டுண்ணியோ விழுங்கப்பட்ட இடத்திலேயே வீடு கட்டிக்கொள்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது பழகவில்லை. இன்னொன்று: இதே இனம் வேறு நாடுகளில் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் இறங்கி ஆளையே கொல்லும். நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஏன் என்று அதன் மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நானாவுக்கு வாரம் ஒரு ஊசி, புண்ணுக்குள்ளேயே போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஊசிக்கு வந்த அன்று வளர்ப்புக் குழாயில் உயிர் வந்திருந்தது. எங்கள் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, நானாவை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தேன்.

குனிந்தவர் நிமிரவேயில்லை. ஈயின் வயிற்றில் இருப்பதைப் போல, குழாயிலும் அவற்றுக்கு வால் முளைத்துவிடும். நீளமாக, ஒல்லியாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்ட கன்னத்திலயா?"

"அங்க இருந்து வந்ததுதான் நானா."

"சுப்ஹானல்லாஹ்," என்றார் மெதுவாக. "என்னா ஒரு அழகு."

அந்த வார்த்தையை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் முதல் நாளில் அதுவேதான் தோன்றியது. நோயாளிகளை நினைத்துச் சொல்லக் கூசினேன்.

அந்த நாட்களில் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்து, புண் வராதவர்களின் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டிருந்தோம். ராத்தாவிடம் கேட்டேன். சம்மதப் படிவத்தில், முடிவை அறிய விருப்பமா என்று ஒரு கேள்வி. "சொல்லுங்க, சொல்லுங்க. வருத்தத்தோட வருத்தம், இன்னொண்டு வந்தா என்ன," என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

சோதனை சிக்கலானதில்லை. இரத்தத்தோடு கொல்லப்பட்ட ஒட்டுண்ணியின் புரதத்தைக் கலந்து ஒரு நாள் சூட்டில் வைப்போம். முன்பே அதைச் சந்தித்த அணுக்கள் இருந்தால் அடையாளம் கண்டு, மற்ற அணுக்களுக்குச் சத்தம் போடுவதுபோல ஒரு பொருளை வெளியே விடும். அந்தப் பொருள் இருந்தால் தட்டிலுள்ள சிறு குழியில் நீலம் ஏறும். கடைசியில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க, அனுராதபுரப் பக்கமே போகாத ஒருவருடைய இரத்தமும் வேண்டும். அது என்னுடையது.

என் குழி தண்ணீராகவே கிடந்தது. என் உடம்புக்கு அது யாரென்றே தெரியவில்லை. பக்கத்தில் ராத்தாவின் குழி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, அமிலம் பட்டதும் பளீரென்று மஞ்சளானது. அந்தத் தட்டிலேயே ஆக அடர்ந்த நிறம் அதுதான். நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சீனி வருத்தம், முட்டு, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் பெண். புதிதாக இரத்தம் வாங்கி மறுபடி செய்தேன். அதே மஞ்சள்.

பேராசிரியர் நீண்ட நேரம் தட்டைப் பார்த்தார். "கிருமி வந்திருக்கிறது என்று சொல்லலாம். முழுதாகப் போய்விட்டது என்று சத்தியம் பண்ண முடியாது. கவனமாகச் சொல்லு," என்றார் சிங்களத்தில்.

அடுத்த ஊசி நாளில் சொன்னேன். "ராத்தா, ஒங்களையும் அந்த ஈ கடிச்சிருக்கு. கிருமி ஒங்க ஒடம்புக்குள்ளயும் வந்திருக்கு. ஆனா ஒங்க ஒடம்பு அதப் புண்ணாக விடல. சண்ட போட்டு அடக்கி வச்சிருக்கு."

"எப்ப?"

"தெரியாதுங்க. கடையில இருந்த காலத்துல, ஏதோ ஒரு நாள்."

ராத்தா தம் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருப்பதுபோல. "எனக்கு ஒண்டுமே தெரிய இல்லையே. காச்சல்கூட இல்ல. நான் சமைச்சிட்டு, கடையப் பாத்துட்டு இருந்திருக்கன். இது உள்ளுக்கு யுத்தம் செஞ்சிட்டு இருந்திருக்கி." கண் கலங்கியது. "இந்த ஒடம்ப நான் எவ்வளவு ஏசியிருக்கன் மகள். ஒண்டுக்கும் ஒதவாத ஒடம்பு எண்டு."

நானா சுவரோரக் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். மனைவியின் கதிரைக்குப் பின்னால் நின்று, தயங்கி, அவர் தோளில் கையை வைத்தார்.

"நான் ஒனக்குத் தந்திருவன் எண்டு பயந்திட்டு இருந்தன்."

"நான் அப்பவே அத முடிச்சிட்டன்," என்றார் ராத்தா, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு நானா என்னைப் பார்த்தார். "ஒரே முற்றம், ஒரே ஈ. என்ட ஒடம்புக்கு மட்டும் ஏன் ஏலாமப் போச்சு?"

"அதத்தான் நானா தேடிக்கிட்டு இருக்கோம். ஆளுக்காள் மரபணுவுல ஏதோ இருக்கணும். இன்னும் தெரியல."

சாயங்காலம் கலஹா பஸ்ஸில் போகும்போது சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தேன். மரக்கறிப் பையோடு ஒருவர், கைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண், தூங்கி விழும் ஒரு கிழவர். இவர்களில் யாருக்குள் எது வந்து, எது தோற்றுப் போயிருக்கிறதோ! ஒருவருக்கும் தகவல் இல்லை. அவரவர் இறங்கும் இடத்தில் இறங்கிப் போனார்கள்.

நானாவின் புண் ஆறப் பதினோரு ஊசி பிடித்தது. கன்னத்தில் சிறு பள்ளம் தங்கிவிட்டது. இருவருடைய இரத்தத்திலிருந்தும் பிரித்த மரபணு, இரண்டு சிறு குழாய்களில் எங்கள் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அவற்றுக்கிடையே எந்த இடத்தில் வித்தியாசம் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.