ஃபோர்மேன் நீட்டிய எலுமிச்சம்பழம்

போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில், பட்டு வேட்டியும் வாய் நிறையச் சிரிப்புமாக, ஃபோர்மேன் என் முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அவர் மகளுக்குக் கல்யாணம். எனக்கு அவர் பத்திரிகை வைக்கவில்லை. வைத்திருந்தால் அடுப்புப் பற்ற வைக்க உதவியிருக்கும். மாப்பிள்ளை என் சின்ன மருமகனுக்குச் சித்தப்பா மகன். அதனால் பெண்ணைப் பெற்றவர் என்னைக் கும்பிட்டுத்தான் வரவேற்க வேண்டும். நான் போனதே அதைப் பார்க்கத்தான். பழத்தை நீட்டிக்கொண்டே பக்கத்தில் நின்ற சம்பந்தியிடம் சொன்னார்: "இந்தம்மா நம்ம கம்பெனியிலதான் இருந்துச்சு. எங்கிட்ட வேல பாத்த யாருக்கும் ஒரு நகம்கூடப் பேந்ததில்ல, கேட்டுப் பாருங்க." நான் பழத்தை வாங்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பலூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டிக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். நான் ஷியரிங் மெஷினில் இருந்தேன். மெஷின் என்றதும் மலைக்க வேண்டாம். மேலே ஆள் நீளத்துக்கு ஒரு கத்தி. காலால் பெடலை மிதித்தால் இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே போய் நின்றுவிடும். ஒரு மிதிக்கு ஒரு வெட்டு. கத்திக்கு முன்னால், விரல் உள்ளே போகாதபடி, மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கம்பி வலை உண்டு. துண்டு துக்கடாத் தகட்டையெல்லாம் வலையோடு வெட்ட முடியவில்லை, வேலை மந்தமாகிறது என்று ஃபோர்மேன் அதைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். ஆபீசர்கள் சோதனைக்கு வந்தால் மட்டும் இறக்கிப் பூட்டுவார். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக இரவல் வாங்கிப் போடுகிற நகை மாதிரி. அவர்கள் கார் ஏறியதும் நகை ஆணிக்குத் திரும்பிவிடும்.

மெஷின் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். தினமும் எண்ணெய் விட வேண்டும், வாரம் ஒருமுறை பிரேக்கும் ஸ்பிரிங்கும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுக் கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவள். ஆனாலும் ஒன்றாம் தேதி காலையிலேயே எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருப்பது எனக்குத் தெரிந்தது. இன்னும் விடியாத நாளுக்கெல்லாம் எண்ணெய் விட்ட மகான் அவர் ஒருவர்தான்.

ஒரு ஆடி மாதம் அந்த மெஷின் ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கத் தொடங்கியது. எப்போதும் அல்ல. இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் புத்தியைக் காட்டும். எப்போது காட்டும் என்று தெரியாததுதான் வினை. ஒரு மத்தியானம் கத்தியடியில் சிக்கிய துண்டை எடுக்கக் கை நீட்டினேன். மிதிக்காத கத்தி மறுபடி இறங்கி, கையுறையின் நடுவிரல் நுனியைக் கொண்டுபோனது. உள்ளே என் விரல் ஒரு நூல் பின்னால் இருந்தது. கையுறையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஒரு மிதிக்கு ரெண்டு வெட்டுன்னா கம்பெனிக்கு ஆதாயந்தானத்தா" என்று சிரித்தார். வலையையாவது மாட்டுங்கள் என்றேன். துண்டை எடுக்கும்போதாவது மோட்டாரை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். நிறுத்தி நிறுத்திப் போட்டால் வேலை எங்கே ஓடும், பயமாயிருந்தால் வீட்டில் இருந்து பூக்கட்டு, உன் ஸ்டூலுக்கு வாசலில் ஆள் நிற்கிறது என்றார். நிற்கத்தான் செய்தது. புருஷன் போன வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. மறுநாளும் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் சோறு பிசையும்போது ஒவ்வொரு விரலாக எண்ணிக்கொள்வேன். அவர்மேல் வெறுப்பு அப்போது வந்ததுதான். இன்னும் போகவில்லை, நான் போகச் சொல்லவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம்: கத்தியடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, மெஷினை ஓட்டி வெட்டுவார்கள். மெஷினில் இருக்கிற ஆள் இரண்டு பாதியையும் எடுத்து வாசலுக்கு இரண்டு பக்கமும் வீச வேண்டும். அந்த வருடம் ஃபோர்மேனுக்குப் பக்தி முற்றி, ஆணியில் தொங்கிய வலைக்கும் சந்தனம் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார். செத்தவர் படம்போலத் தொங்கியது அது. முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். ஒரு காலத்தில் தானே மெஷின் ஓட்டிய மனிதர். ஃபோர்மேன் பெடலை மிதித்தார். அன்றைக்குப் பார்த்துக் கத்தி, மாமியார் முன்னால் புது மருமகள் மாதிரி, ஒரே தடவை இறங்கி அடக்கமாக மேலே போய் நின்றது.

"எடுத்துப் போடுத்தா" என்றார் என்னிடம்.

நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். "நீங்களே எடுங்கண்ணே. வருசம் பூரா டிக்குப் போட்டுப் பாத்துக்கிட்டது நீங்க. புண்ணியம் மட்டும் எனக்கெதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குனிந்தார். கை பாதி தூரம் போய் அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் மோட்டாரை அணைத்தார். அணைத்ததும் நிற்கிற மெஷின் இல்லை அது. பெரிய சக்கரம் சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அது ஓயும்வரை அவர் நின்றார். நாங்களும் நின்றோம். தட்டில் சூடம் எரிந்து முடிந்தது. முதலாளி பழத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பழத்துக்கு மோட்டார நிறுத்துறீங்க," என்றார் மெதுவாக. "அப்ப இந்தம்மா தெனமும் எப்படி எடுக்குது?"

நான் மடியில் செருகி வைத்திருந்த அந்த விரல்நுனி போன கையுறையை எடுத்து, தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

வலை மாலையோடேயே இறங்கி வந்து மெஷினில் ஏறியது. மறுநாள் வந்த மெக்கானிக், உள்ளே ஸ்பிரிங் ஒடிந்து கிடப்பதை எடுத்துக் காட்டினான். முதலாளி அட்டையைக் கிழித்துப் புது அட்டை தொங்கவிட்டார். ஆனால் அவர் எப்போதாவது வருகிறவர். ஃபோர்மேன் தினமும் இருக்கிறவர். என்னைக் கழிவுத் தகடு பொறுக்கப் போட்டார். தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கடிகாரம் பார்த்தார். தைப் பொங்கலுக்குள் நானே நின்றுவிட்டேன். அவனியாபுரத்தில் இட்லிக் கடை போட்டேன். இன்றைக்கும் கிரைண்டரைக் கழுவும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் கழுவுகிறேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அந்த மனிதர்தான் மண்டப வாசலில், என் விரல்களுக்குத் தானே காவல் இருந்ததுபோலப் பேசிக்கொண்டு பழத்தை நீட்டினார். அவருக்கும் பத்து விரல் இருந்தது, இரண்டில் மோதிரம். காலம் ஓடிவிட்டது, வாங்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஆடியிலிருந்து புரட்டாசி வரை சாயங்காலச் சோற்றில் விரல் எண்ணியவள் நான்.

"பழத்த அந்தத் தட்டுல வைங்கண்ணே," என்றேன். "நீங்க கைய எடுத்தப்புறம் நான் எடுத்துக்கிறேன்."

சம்பந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது. சிரிப்பு வாயிலேயே காய்ந்துபோக, பழத்தைத் தட்டில் வைத்துக் கையை எடுத்தார். நான் உடனே எடுக்கவில்லை. அந்தச் சக்கரம் ஓய எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரம் அவரை நிற்கவைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.