ஓடும் எழுத்து

தெருவில் எல்லாருக்கும் அவர் பூஸ்டர்காரர். டிவியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற வீடுகளில், மொட்டைமாடிக் கம்பத்தில் ஆன்டெனாவுக்கு அடியில் சிக்னலைக் கூட்டும் சின்னப் பெட்டியை மாட்டித் தருவதுதான் இருபது வருஷமாக அவர் பிழைப்பு. "படம் வந்துடுச்சு" என்று யார் கத்தினாலும் நம்ப மாட்டார். திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துச் சொன்னால்தான் கீழே இறங்குவார். அப்படியொரு வறட்டுப் பிடிவாதம்.

அன்று அவருடைய அக்கா வீட்டு மாடி. மேற்கே வானம் கறுத்துத் திரண்டிருந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாம், இறங்குடா" என்றாள் அக்கா.

"அஞ்சே நிமிஷம்க்கா. நீ உள்ள போய் டிவியைப் பாரு."

பெட்டியை மாட்டிவிட்டு, இரும்புக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி ஆன்டெனாவைத் திருப்பினார். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றது.

"வந்துடுச்சுடா! பளிச்சுன்னு இருக்கு!" ஜன்னல் வழியாக அக்கா கத்தினாள்.

"எழுத்தைப் படி!"

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். இறங்கித் தொலையேன்."

"படிச்சாத்தான் இறங்குவேன்."

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இடி... மின்னல்... எச்சரிக்கை. உயரமான... இடங்களில்... யாரும்..."

கம்பம் வண்டு போல ரீங்கரித்தது. அதைப் பிடித்திருந்த கையில் மயிர் மொத்தமும் எழுந்து நின்றது.