கடைசி அத்தியாயத்தை வீட்டில் படிக்கக் கூடாது

வாரத்தில் மேவிஸுக்கென்று இருந்தது வியாழக்கிழமை மதியம் மட்டும்தான். நூலகத்தின் பின்னறையில் ஒரு நீள மேசை, அதைச் சுற்றி வயதானவர்கள் சிலர், ஆளுக்கொரு பழைய துப்பறியும் நாவல், சூடாகத் தேநீர். அங்கே அவள் யாருக்கும் பட்டன் போட்டுவிட வேண்டாம், யாருடைய பல்செட்டையும் தேட வேண்டாம். ஏதோ ஒரு மாளிகையில் எவனோ செத்துக் கிடப்பான். அவனைக் கொன்றது யார் என்பது ஒன்றுதான் கவலை. மற்ற நாளெல்லாம் கணவர் சிரிலுக்குத்தான்.

சிரில் அந்த ஊரில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது மறதி முற்றி, சொந்த வீட்டிலேயே குளியலறைக்கு வழி தெரியாது. வியாழக்கிழமைகளில் அவருக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டுக்காரி, தன் மகளோடு இருக்கப் போய்விட்டாள். பகலில் மட்டும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று ஊரில் உண்டு. அதைப் பற்றிச் சொன்னதுமே மகன் நைஜல் போனில் எகிறினான்.

"அப்பாவ அங்க தள்ளிட்டு நீ கதை படிக்கப் போறியா? கூடவே கூட்டிட்டுப் போம்மா. அவருக்கும் அந்தப் புக்கெல்லாம் பிடிக்கும்ல?"

தூரத்து ஊரில் இருந்துகொண்டு போனில் விசாரிக்கிறவனுக்கு எல்லாம் சுலபம்தான். அவனோடு மல்லுக்கட்ட அவளிடம் தெம்பில்லை. கூட்டிப் போனாள்.

அவ்வளவுதான், அவளுடைய வியாழக்கிழமையும் போயிற்று. சிரில் அடுத்தவர் தேநீரை எடுத்துக் குடித்தார், நடுவில் எழுந்து "அடுத்த ஸ்டாப் யாருப்பா?" என்று கத்தினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஊரில் மரியாதை என்றால் எதையும் பார்க்காதது மாதிரி இருப்பதுதான். யாராவது எரிந்து விழுந்திருந்தால்கூட மேவிஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு பக்கம்கூட அவள் நிம்மதியாகப் படிக்கவில்லை.

அந்தக் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான் கறார். கடைசி அத்தியாயத்தை யாரும் வீட்டில் படிக்கக் கூடாது. வின்னி என்கிற கிழவி ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொடுப்பாள். மாதக் கடைசியில் எல்லோரும் தங்கள் சந்தேகத்தைச் சொன்ன பிறகு, வாத்தியாராக இருந்த ஹாரல்ட் அதை உரக்க வாசிப்பார். அதற்கு முன் கொலைகாரன் பெயரை யார் வெளியே விட்டாலும் மூன்று மாதம் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஒரு நாள் சிரிலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது மேவிஸுக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணமான புதிதில் அவர் திரும்பத் திரும்பப் படித்த நாவல் ஒன்று உண்டு. மகன் பெயர் மறந்தாலும் அந்தக் கதை அவருக்கு மறக்கவில்லை. அடுத்த மாதத்துக்கு அதையே படிக்கலாம் என்று குழுவில் சொன்னாள். அவர் உளறுவார், வெளியே அனுப்புவார்கள், அப்புறம் நைஜல் விடுதிக்குச் சம்மதித்துத்தானே ஆக வேண்டும்? இப்படி நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் களைப்புக்கு முன்னால் வெட்கம் எத்தனை நேரம் நிற்கும்?

முதல் வியாழனே நடந்தது. ஹாரல்ட் முதல் பக்கத்தைப் பிரித்ததுமே சிரில் மேசையைத் தட்டினார்.

"அந்த சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறாளே, அவதான்! மருந்து பாட்டில்ல விஷத்தக் கலந்துட்டா!"

ஹாரல்ட் தொண்டையைக் கனைத்தார். "மழை வரும்போல இருக்கே" என்றார். இன்னொருத்தி பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். "எனக்கென்னவோ டாக்டர் மேலதான் சந்தேகம்" என்று ஒருவர் கூசாமல் பொய் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மேவிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த நல்லவர்கள் அவளைக் கொன்றுவிடுவார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் வின்னி. "காது நல்லாத்தானே கேக்குது எல்லாருக்கும்? சட்டம்னா சட்டம். சிரில், உனக்கு மூணு மாசம் இங்க இடமில்ல."

"வின்னி, பாவம், அந்த மனுஷன்..." என்று ஹாரல்ட் இழுத்தார்.

"பாவம்தான். அதுக்காக?"

மேவிஸ் கோட்டை எடுக்கப் போனபோது வின்னி பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தப் புக்க வேணும்னேதானே எடுத்த? இத்தன வருஷமா கொலகாரனத் தேடிட்டிருக்கேன் கண்ணு, இது கூடவா தெரியாது? உன் பையன் கேட்டா, வின்னிங்கற ராட்சசி தொரத்திட்டான்னு சொல்லு. நம்பலேன்னா எனக்குப் போன் பண்ணச் சொல்லு. அடுத்த வாரம் நீ மட்டும் வா."

மேவிஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் அவள் சிரிலின் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டாள். திட்டு வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி நின்றிருந்தார்.

"அவங்க ஏன் என்னைய வரக் கூடாதுன்னாங்க? நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன, சிரில்."

"அப்ப யாரு பண்ண தப்பு இது?"

இதை வீடு போவதற்குள் மறந்துவிடுவார். பொய் சொன்னாலும் ஒன்றும் ஆகாது.

"நான் பண்ணதுதான்" என்றாள் மேவிஸ்.

சிரில் அவளை நம்பாமல் பார்த்தார். "நீயா? நீ போயி அப்படிப் பண்ணுவியா?" என்று சிரித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.