அடியில் பதிந்த பெயர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் செல்வநாயகி நடத்தும் பட்டறையின் பொம்மைகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிள்ளையாரோ மயிலோ, எதுவானாலும் அடியில் ‘செல்விபொம்மை டாட் காம்’ என்று ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். எழுத்தை அச்சிலேயே வெட்டச் சொல்லியிருந்தாள். சூளையில் வெந்து வந்த பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

யோசனை அன்பரசனுடையது. ஜங்ஷன் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். இரண்டாயிரத்து மூன்றில் வெப்சைட் செய்து, அவள் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்து, தளத்தை வைக்க ஒரு கம்பெனியில் இடமும் பிடித்துக் கொடுத்தான். அந்த இடம்தான் சரியில்லை. ஒரு வருடம் கொலு வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில் தளம் நாள்கணக்கில் படுத்துவிட்டது. செல்வநாயகி பொறுமை இழந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டாள்.

“ஏற்கெனவே டொமைன், அதாவது வெப்சைட் பேரு, இருக்குதுங்களா மேடம்? அதையே இங்க வெச்சுக்கலாம்” என்றாள் அங்கிருந்த பெண்.

“அது பழைய ஆளுதும்மா. புதுசா ஒண்ணு போட்டுடுங்க.”

சேதி தெரிந்து அன்பரசன் பட்டறைக்கே வந்தான்.

“எடத்த மாத்துங்கக்கா, வேணாங்கல. ஆனா அந்தப் பேரு...”

“என்னடா பேரு? வாடகை வூட்டக் காலி பண்றவங்க கதவு நம்பரக் கழட்டிக்கிட்டா போவாங்க? நீயே வெச்சிக்க. ஒங்கடை வாசல்ல மாட்டிக்க.”

அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பாஞ்சாலை வாய்விட்டுச் சிரித்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்பரசனின் முகம் சுண்டிப்போனது. “போயிட்டு வரேங்க்கா” என்றதோடு சரி, பிறகு வரவில்லை.

புது முகவரி வந்தது. புது அச்சுகளில் அதை வெட்டினார்கள். தளம் படுக்கவே இல்லை. ஆனாலும் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். காலம் மாறிவிட்டது என்று செல்வநாயகி நினைத்துக்கொண்டாள்.

சென்னையில் ஒரு கண்காட்சியில்தான் விஷயம் வெளிப்பட்டது. வருடா வருடம் கொலுவுக்கு வாங்கிக்கொண்டிருந்த கோயம்புத்தூர் கடைக்காரர் அவளைக் கண்டதும் திகைத்து நின்றார்.

“ஏனுங்க, இன்னும் தொழில்லதான் இருக்கீங்களா? பொம்மைக்கு அடியில இருக்கற பேரப் போட்டா என்னென்னமோ விளம்பரம் வருதுங்க. மூடிட்டீங்கன்னு நெனச்சுட்டோம். இப்ப வேற பக்கம் வாங்கறோமுங்க.”

ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அன்பரசனிடம் போனாள். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“பேரு வேற, எடம் வேறக்கா. புது கம்பெனிக்காரங்க அவங்க எடத்தோட வெலாசம்னு ரெண்டு வரி குடுப்பாங்க. பேரு பதிஞ்ச எடத்துல அத மாத்தியிருந்தா போதும். பழைய பேரப் போட்டாலே புது எடத்துக்குப் போயிருக்கும்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

கேட்டதுமே பாஞ்சாலையின் அன்றைய சிரிப்பு அவள் காதில் ஒலித்தது. முதலில் யார் சிரிக்க வைத்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

“பணம் கட்டிப் பேரப் புதுப்பிக்கச் சொல்லி எனக்குத்தான் மெயில் வந்திச்சி, பதிவுல எம் மெயிலத்தான் குடுத்திருந்தேன்” என்றான் அவன். “ஒரு போன் போட்டிருக்கலாம். ரோஷம், வுட்டுட்டேன். இப்ப எவனோ புடிச்சி வெச்சிருக்கான். எழுதிக் கேட்டும் பாத்துட்டேன். பதிலே இல்ல.”

எங்கெங்கோ ஊர்களில், கண்ணாடி அலமாரிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையார்களை அவள் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தன் அடியில் எவனோ ஒருவனின் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் புது அச்சுக்கு மாதிரி செய்துகொண்டிருந்த பாஞ்சாலை, “அடியில என்னாக்கா வெட்டறது?” என்று கேட்டாள்.

“வெப்சைட்டு வேணாம், போன் நம்பரப் போடு.”

“சிம் கார்ட மாத்துனீங்கன்னா?”

பட்டறையில் யாரோ சிரித்தார்கள். செல்வநாயகி சிரிக்கவில்லை. ஈர மாதிரியைக் கையில் வாங்கி, அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.