சுற்றமும் நட்பும் சூழ ஒரு பாட்காஸ்ட்

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் வரைக்கும் ஸ்கூட்டியில சுத்தறவ. நான் வாயைத் திறந்தா போதும், எதிர்ல நிக்கறவங்களுக்கு அடுப்புல பால் பொங்கும், போன் அடிக்கும், மாடு அவுத்துக்கிட்டு ஓடும். மாடே இல்லாத வூட்டுலகூட ஓடும். இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து ஒரு பேச்சையாவது முழுசா பேசி முடிச்சிருக்கேனான்னா, இல்ல.

அதனாலதான் எங்க பாட்காஸ்ட்டு எனக்கு உசுரு. மூணு பேர் சேர்ந்து காசு பணம் எதிர்பார்க்காம நடத்தறோம். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருத்தர், மருந்துக்கடை வச்சிருக்கற தம்பி ஒருத்தன், அப்புறம் நான். தம்பி கடைக்குப் பின்னாடி சரக்கு ரூம்ல பழைய ஜமக்காளத்தையெல்லாம் சுவர்ல தொங்கவிட்டு, நடுவுல ஒரு மைக் வச்சிருக்கோம். வாரம் ஒரு நிகழ்ச்சி. அதுல பாதி என்னோடது. ரோட்டுல பார்த்தது, கேட்டது, வயித்தெரிச்சல், அத்தனையும் கொட்டிருவேன். மைக் பாவம், எங்கயும் எழுந்திருச்சுப் போவாது.

வெட்டி ஒட்டி நெட்டுல ஏத்தறது தம்பி வேலை. அவனுக்கு ஒரு நாள் சலிச்சுப் போச்சு. "அக்கா, ரெண்டு ஜில்லாவுக்கும் பொது நிகழ்ச்சின்னு சொல்லிக்கிறோம். உங்க குரலையும் அண்ணன் குரலையும் விட்டா வேற குரலே இல்ல. ஊர்க்காரங்க பேசினா நடத்தலாம். இல்லன்னா பொங்கலோட இழுத்துப் பூட்டிருவோம்"னான். பூட்டிட்டா நான் எங்க போய்ப் பேசறது?

அன்னைலேர்ந்து வாராவாரம் மைக்ல கெஞ்சினேன். "அன்பு நேயர்களே, உங்க அனுபவத்தை உங்க குரல்லயே பேசி வாட்ஸப்புல அனுப்புங்க, நிகழ்ச்சி உங்களோடது." வந்ததெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். கொடுத்தது மருந்துக்கடை நம்பர்ங்கறதால, தைராய்டு மாத்திரை ஸ்டாக் இருக்கான்னு கேட்டு ஒரு குரல் வந்துச்சு. அதையாவது போடுடான்னேன். தம்பி முறைச்சான்.

ஆண்டிமடத்துல ஒரு அக்கா முந்திரி உடைக்கறவங்க. என்கிட்ட பாலிசி போட்டவங்க. உடைக்கிற நேரத்துல எங்க நிகழ்ச்சியைத்தான் ஓடவிடுவாங்க. பிரீமியம் வாங்கப் போனப்ப ஆத்தாமையில கேட்டே புட்டேன். "ஏங்க்கா, இவ்வளவு கேக்கறீங்க, ரெண்டு வார்த்தை பேசி அனுப்பக் கூடாதா?"

"என்னை எப்ப கூப்பிட்டீங்க?"ன்னாங்க.

"வாராவாரம் கூப்பிடறேனே."

"நேயர்களே நேயர்களேன்னு பொதுவுல கத்தினா அதுல நானும் சேத்தின்னு எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணு கல்யாணத்துக்கு ரேடியோவுலயா சொல்லி வுடுவீங்க? வூடு தேடி வந்து பத்திரிகை வச்சா வரப்போறோம். அழையாத வூட்டுல நுழையற ஜென்மம் நாங்க இல்ல."

சுளீர்னு உறைச்சுது. அது சரிதானே? பங்காளி வூட்டுக் காதுகுத்துக்கே பத்திரிகை நேர்ல வைக்கலைன்னு ஜென்மத்துக்கும் பேசாம இருக்கற ஊரு. இங்க போய் பொத்தாம் பொதுவா கூப்பிட்டிருக்கேன்.

பேசி அனுப்பச் சொல்லி வூடு வூடா வைக்கறதுக்குப் பத்திரிகை அடிக்கற பொறுப்பை கண்டக்டர் அண்ணன் எடுத்துக்கிட்டார். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, கட்டா கொண்டுவந்து கொடுத்தார். வெத்தலை பாக்கோட தட்டுல வச்சுக்கிட்டு கிளம்பினேன். என் ஸ்கூட்டி சத்தம் கேட்டதுமே பாதி வூட்டுல கதவைச் சாத்தினாங்க. "பாலிசி இல்லீங்க, பத்திரிகை"ன்னு வாசல்ல நின்னு கத்த வேண்டியதாப் போச்சு. திருமழபாடி வரைக்கும் போனேன், ரஞ்சன்குடி வரைக்கும் போனேன். தட்டைப் பார்த்ததும் எல்லா மூஞ்சியும் மலர்ந்துச்சு. "அவசியம் வந்துடறோம்"னாங்க. வர்றதா, அனுப்பறதான்னு எனக்கு லேசா இடிச்சுது. சரி, வாய்ப் பழக்கம்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில தம்பி போன் பண்ணினான். "அக்கா, கடை வாசல்ல வேன் வேனா வந்து இறங்குறாங்க. பட்டுச்சேலை கட்டியிருக்காங்க. என்ன பண்ணி வச்சீங்க?"

ஓடிப்போய் பத்திரிகையை அப்பதான் ஒழுங்கா படிச்சேன். பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகை வாசகத்தையே போட்டிருக்கார். நாள் நேரம் இல்லாம பத்திரிகை அடிச்சா கை விளங்காதுன்னு அவர் சொல்ல, அண்ணனும் நல்ல முகூர்த்தமா ஒண்ணு பார்த்து, கடை விலாசத்தோட கொடுத்திருக்கார். கீழ, 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்'. வேண்டின மாதிரியே சுற்றமும் நட்பும் சூழ வந்துட்டாங்க. ஆண்டிமடத்து அக்கா ஒரு லோடு வண்டி நிறைய.

"வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பினா நாளைக்கு ரோட்டுல தலை காட்ட முடியாதும்மா"ன்னு அண்ணன் பக்கத்து மெஸ்ஸுக்கு ஓடினார். நான் ஒவ்வொருத்தரா உள்ள அனுப்பினேன். அங்கதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. மைக்கைக் கண்டதும் எல்லாரும் கொடியேத்தத்துல நிக்கற மாதிரி விறைச்சு நின்னு, "அனைவருக்கும் என் பணிவான வணக்கம், வாய்ப்பளித்தமைக்கு நன்றி"ன்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டாங்க. தம்பி தலையில கையை வச்சுக்கிட்டான். "முன்னாடி வணக்கம், பின்னாடி நன்றி, நடுவுல ஒண்ணுமே இல்லக்கா. பூட்டிருவோம்"னான்.

அதுக்குள்ள வாசல்ல இலை போட்டாச்சு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். அண்ணன் என்ன நினைச்சாரோ, உள்ள போய் மைக்கை ஒயரோட இழுத்துவந்து பந்தி நடுவுல ஸ்டூல் போட்டு வச்சார். "இது ஓடிக்கிட்டுதான் இருக்கு, பேசறதெல்லாம் நிகழ்ச்சியில வரும், வேணாங்கறவங்க அந்தக் கடைசி வரிசைக்குப் போங்க"ன்னு பஸ்ல ஆள் நவுத்தற குரல்ல சொன்னார். ஒருத்தரும் நவுரல. இலை முன்னாடி உக்கார்ந்துட்டா நம்மாளுக்கு வெக்கம் எங்கேர்ந்து வரும்?

"உப்பு கம்மி"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சார். திருமழபாடிக்காரர் ஒருத்தர், "எங்க ஊர் கோயில்ல நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்னு சொல்றாங்க. நானும் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பார்க்கறேன். நந்திக்குத்தான் வருஷா வருஷம் ஆவுது"ன்னார். பந்தியே குலுங்கிச்சு. ரஞ்சன்குடியிலேர்ந்து வந்த அம்மா, "எங்க ஊர் கோட்டைச் சுவர்ல கண்டதையும் கிறுக்கி வைக்கறானுவ. என் மருமவன் பேரும் இருக்கு. பக்கத்துல இருக்கறது என் பொண்ணு பேர் இல்ல"ன்னாங்க. அப்பளம் கடிக்கற சத்தம்கூட நின்னு போச்சு. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சு, கை காயற வரைக்கும் யாரும் எழுந்திருக்கல.

அந்த நிகழ்ச்சி பிச்சுக்கிட்டு போச்சு. மறுநாளே மருந்துக்கடை நம்பருக்குக் குரல் குரலா வந்து விழுந்துச்சு. பத்திரிகை வைக்காத ஊர்லேர்ந்தெல்லாம் வந்துச்சு, எங்களை ஏன் கூப்பிடலைன்னு திட்டோட. பூட்டற பேச்சையே தம்பி மறந்துட்டான். நான் தலைகால் புரியாம அடுத்த வாரம் பேசறதுக்குத் தயார் பண்ணிக்கிட்டு போய் நின்னேன்.

தம்பி கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பாமலே சொன்னான். "அக்கா, இந்த வாரம் உங்களுக்கு இடமில்ல. நேயர் குரலே நிரம்பி வழியுது. அடுத்த வாரமும் சந்தேகம்தான்."

"டேய், அது என் பாதிடா."

"நீங்கதானேக்கா அனுப்புங்க அனுப்புங்கன்னு கெஞ்சினீங்க?"

சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன். அந்த வாரத்து நிகழ்ச்சியை வூட்டுல உக்கார்ந்து கேட்டேன். நல்லா இருந்துச்சு. நான் இல்லாமலே நல்லா இருந்துச்சு. அதுதான் தாங்கல. வயிறு எரிஞ்சுது, நடுநடுவுல சிரிப்பும் வந்து தொலைச்சுது.

கேட்டு முடிச்ச கையோட போனை எடுத்தேன். எல்லா நேயரும் அனுப்பற அதே நம்பருக்கு, மூச்சுவிடாம பேசி, என் குரலை அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல தம்பி பதில் போட்டான்: "கிடைத்தது. வரிசைப்படி வெளியாகும். காத்திருக்கவும்."

காத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களும் பேசி அனுப்பலாம், தாராளமா அனுப்புங்க. ஆனா எனக்குப் பின்னாடி நில்லுங்க.