துணிக்கு மேலே இருந்தது காற்றுதான்

வேலை கிடைத்து அந்தத் தெருவில் நான் குடிவந்த அன்று, எதிரே இருந்த சின்ன வீட்டின் கூரைமேல் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நீளமான சாரக் கம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு கை பிடிங்களேன். கம்பு சாஞ்சா பரவாயில்ல, கூடவே நானும் சாஞ்சிருவேன் போல" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.

அவர் பஸ் டிரைவர். தெருவில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். நாய் குறுக்கே படுத்திருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு, அது சோம்பல் முறித்து எழுந்து போகும்வரை காத்திருப்பவர். அடுத்தவர் பொருளைத் தொட்டால் அவருக்குக் கை கூசும். இரவல் வாங்கிய ஏணியைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்.

வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் பக்கவாதம் வந்த மனைவி. இன்னொன்றில், புருஷனைப் பிரிந்து வந்த மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு அடுப்புக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் படுத்துக்கொள்வாள். டிரைவருக்கு நடைவழி. யார் எழுந்து போனாலும் அவர் காலை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பிள்ளைகள் யாரோடு இருப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. நீதிமன்றத்திலிருந்து வந்த பெண்மணி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பசங்க எங்க உட்கார்ந்து படிப்பாங்க?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு ஓர் அறையைக் காட்டாவிட்டால் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார் வக்கீல். கூடுதல் அறை கட்ட நகராட்சி அனுமதியைக் காட்டினால் அது எழும்பும்வரை அவகாசம் வாங்கலாம் என்றும் சொன்னார்.

பழைய சுவர் மாடியைத் தாங்காது, இடித்துவிட்டுப் பெரிதாகத்தான் கட்ட வேண்டும் என்று மேஸ்திரி கையை விரித்திருந்தார். டிரைவர் நகராட்சியில் மனுப் போட்டார். உடனே பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தார்.

"ஏம்ப்பா பிரேக்கு, வீடு கட்டறியா, விமான நிலையம் கட்டறியா? என் கொல்லையில இனிமே வெயில் விழுமா?"

"அண்ணே, உங்க மாடிக்கு ஒரு முழம் கம்மிதான் வரும்."

"பேப்பர்ல எல்லாரும் கம்மியாத்தான் காட்டுவாங்க."

அந்தச் சொல் டிரைவரைச் சுட்டது. இடத்தைப் பார்க்க வரும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு உயரத்தை நேரிலேயே காட்டிவிடலாம் என்று, மேஸ்திரியிடம் நாலு கம்புகள் இரவல் வாங்கி கூரையின் நாலு மூலையிலும் நிறுத்தினார்; நான் ஏறிப் பிடித்தது அதில் ஒன்றைத்தான். பழைய சிவப்புப் போர்வையைக் கிழித்து, புது வீட்டின் கூரை எதுவரை வருமோ அந்த உயரத்தில் கட்டினார். கம்புகளோ துணிக்கு மேலேயும் ஓர் ஆள் உயரத்துக்கு நீண்டிருந்தன.

"மேல இருக்கறத அறுத்துடுங்கப்பா" என்றாள் மகள்.

"ஊரான் கம்பை அறுக்கறதா? அப்புறம் அந்த மனுஷன் முகத்துல எப்படிம்மா முழிக்கிறது? துணிதான் பளிச்சுனு தெரியுதே!"

கட்டிய அன்று தெரிந்தது. காற்றில் நாலு துணியும் படபடத்தன. ஆனால் உறுப்பினர்கள் வந்த அன்று இலைகூட அசையவில்லை. துணிகள் கம்போடு ஒட்டித் தொங்கின. வந்தவர்கள் தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்தார்கள். டிரைவர் வாசலுக்கும் தெருவுக்குமாக ஓடி ஓடித் துணியைக் கை காட்டினார். மருந்துக்கடைக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் படம் எடுத்துக்கொண்டார்.

மன்றக் கூட்டத்தில் அந்தப் படம் சுவரளவுக்கு விரிந்தது. வானத்தைக் குத்தும் நாலு கம்புகள். துணியைக் காணோம். அளவெல்லாம் விதிக்குள்தான் இருக்கிறது என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை.

"இவ்வளவு உயரம் அந்தத் தெருவுக்குத் தாங்குமா?" என்றார் நகராட்சித் தலைவி.

டிரைவர் எழுந்தார். "அம்மா, துணி வரைக்கும்தாம்மா வீடு. அதுக்கு மேல இருக்கறது காத்து. காத்துக்கு நான் அனுமதி கேட்கலம்மா."

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. "பேரப்பசங்க போயிடுவாங்கம்மா" என்றார். அது இங்கே பேசும் விஷயம் இல்லை என்று தலைவி தன்மையாகவே சொன்னார். கை தூக்கச் சொன்னபோது, ஆதரவாக இரண்டே கைகள் எழுந்தன.

மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அது முடிய மாதக்கணக்காகும் என்றார்கள். அதற்கு முன்பே வழக்கின் வாய்தா வந்துவிட்டது; காட்ட அனுமதி இல்லாததால் பிள்ளைகள் தகப்பனோடு என்று தீர்ப்பானது. தகப்பன் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனான். சின்னவன், "தாத்தா, நான் உங்க காலை மிதிக்கவே மாட்டேன், இங்கயே படுத்துக்கறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டது டிரைவர்தான்.

மறுநாள் கம்புகளைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேஸ்திரி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அறுத்துத் தந்திருப்பேனே! விறகுக்குப் போடற கம்புய்யா இது!"

டிரைவர் அந்தக் கம்புகளின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மகள் பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்க்கிறாள். டிரைவர் அதே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அவர் இன்னும் நடைவழியில்தான் படுக்கிறார்.