தோலில் இருந்த நகக்கீறல்

வெள்ளைக்காரன் காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியோரம் நானும் என் கூட்டாளி முனுசாமியும் அடுத்தடுத்து தர்பூசணி போட்டிருந்தோம். மசக்கையாக இருந்த என் மனைவிக்கென்று ஒரு பிஞ்சில் யாருக்கும் தெரியாமல் நகத்தால் கீறி வைத்தேன். காய் பருக்கப் பருக்கக் கீறலும் தழும்பாக நீண்டது.

பறிக்கப் போனபோது முனுசாமி தடுத்தான். "காம்பாண்ட இருக்குற கொடிச் சுருளு இன்னும் காயல மச்சான், அது காஞ்சாத்தான் பழம். நாலு நாள் உடு."

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலடி வைக்கோலிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அறுத்தான். "என் கொடில காய்ச்சது, துன்னு." தேனாக இனித்தது. தின்று முடித்துத் தோலைத் திருப்பினால், என் கீறல்!

வீட்டில் மனைவி, "பழம் பழுத்துதாய்யா?" என்றாள். நானே தின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"சுருளு காயல. நாலு நாள் போவட்டும்" என்றேன்.

கூடவே இருந்து குழி பறித்த முனுசாமியோடு அன்றே பேச்சை முறித்தேன். அவளிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.